எஸ்.எஸ்.டி.க்கு ஓர் இன்கமிங் இன்ஸ்பெக்ஷன்

எஸ்.எஸ்.டி. என்பது சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம். பழைய ஹார்ட் டிஸ்க் சாகப்போகும்போது நாலு நாள் 'டக் டக்' என்று சத்தம் போட்டுத் தகவல் சொல்லும். எஸ்.எஸ்.டி.க்கு அந்த நாகரிகம் கிடையாது. நேற்று ராத்திரி வரை கல்யாண ஆல்பம் காட்டிக்கொண்டிருந்தது, இன்று காலை பயாஸில் பெயரே கொடுக்காது. ஆகவே வாங்கும்போதே பார்த்து வாங்க வேண்டிய சாமான் இது.

சேரப்பணஞ்சேரிக்காரர்களிடம் இதைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், ஒரகடத்தை ஒட்டிய ஊர். சுற்றுவட்டாரத்தில் காரும் லாரியும் புல்லட்டும் தயாராகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா வந்து 2014-இல் கதவைச் சாத்தியது. 2007-இல் டெல் வந்து கணினியே பூட்டத் தொடங்கியது. தெருவுக்கு நாலு பேர் ஏதாவது ஒரு கம்பெனியில் 'குவாலிட்டி'யில் இருப்பார்கள். பேட்ச் நம்பர் இல்லாத ரப்பர் வாஷரைக்கூட லைனுக்குள் விடாத மனிதர்கள். அதே ஆள் வீட்டுக் கணினிக்கு எஸ்.எஸ்.டி. வாங்கும்போது, "அண்ணே, எது சீப்பு?" என்ற ஒரே கேள்வியோடு இன்ஸ்பெக்ஷனை முடித்துவிடுகிறார்.

முதலில் பார்க்க வேண்டியது எஸ்.எஸ்.டி.யை அல்ல, கணினியை. பழைய கணினி என்றால் இரண்டரை அங்குல சாட்டா வகை. வினாடிக்கு சுமார் 550 எம்.பி. வேகம், அதற்கு மேல் சாட்டா விடாது. புதியதில் எம்.2 ஸ்லாட் இருக்கும். அதில் பூட்டும் எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். அதனால்தான் 2280 என்று எழுதியிருக்கும். இதிலும் சாட்டா, என்.வி.எம்.இ. என்று இரண்டு ஜாதி உண்டு. என்.வி.எம்.இ. மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா எம்.2 சமர்த்தாக உட்காரும், ஸ்க்ரூவும் ஏறும், வேலை மட்டும் செய்யாது. மதர்போர்டு மாடல் நம்பரைக் குறித்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்கு பஸ் ஏறுவது நல்லது. பெட்டியில் 7,000 எம்.பி. என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. கரண்ட் பில் கட்டவும் பையனின் ப்ராஜெக்டை பிரிண்ட் எடுக்கவும் அந்த வேகம் தேவைப்படாது.

பெட்டியில் கொட்டை எழுத்தில் இல்லாத விஷயங்கள்தான் முக்கியம். ஒரு நினைவக அறையில் டி.எல்.சி. வகை மூன்று பிட் வைக்கிறது, கியூ.எல்.சி. நான்கு. ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் மூன்று பேர் உட்காருவதற்கும் நான்காவது ஆளையும் ஏற்றுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்: மூன்றுக்கு 8 மின்னழுத்த நிலைகள் போதும், நான்குக்கு 16 வேண்டும், இடைவெளி குறுகுகிறது, தேய்மானம் கூடுகிறது. இதைக் கம்பெனிக்காரர்களே ஒத்துக்கொள்கிறார்கள். சாம்சங்கின் 870 ஈவோ, 1 டி.பி., டி.எல்.சி.: 600 டி.பி. எழுதும் வரை அல்லது 5 ஆண்டு வாரண்டி. அதே வீட்டுப் பிள்ளை 870 கியூ.வி.ஓ., 1 டி.பி., கியூ.எல்.சி.: 360 டி.பி., 3 ஆண்டு. எது முந்துகிறதோ அதுவரைதான் வாரண்டி.

600 டி.பி. என்றால் 6 லட்சம் ஜி.பி. ஒரு வீட்டில் நாளைக்கு 20 ஜி.பி. எழுதினாலும் 30,000 நாள் வரும், 82 வருஷம். வீட்டுக் கடன் முடிந்து, அதை வாங்கியவரும் முடிந்து, அடுத்த தலைமுறை பாகம் பிரிக்கும்போதும் எஸ்.எஸ்.டி. பாக்கி இருக்கும் என்று கணக்கு சொல்கிறது. கணக்கு சொல்லாதது, பெரும்பாலானவை தேய்ந்து சாவதில்லை என்பது. கன்ட்ரோலர் போகும், மின்சுற்று போகும், இல்லையென்றால் ஃபெர்ம்வேர் காலை வாரும்.

ஃபெர்ம்வேர் கதைகளில் சிகரம் 2019-இல் நடந்தது. ஹெச்.பி. எண்டர்பிரைஸ் தன் சர்வர்களுக்கு விற்ற சில எஸ்.எஸ்.டி.கள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். அந்த எட்டு மணி நேரத்தைக் கவனிக்கவும்: கடைசி ஷிப்டையும் முழுசாக முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறது. ஒரு சர்வரில் ஒரே நாளில் பூட்டிய நான்கு எஸ்.எஸ்.டி.யும் ஒரே நாளில் போகும் என்பதால் ஒன்றுக்கு ஒன்று காப்பு என்ற ஏற்பாடும் உதவாது. ஃபெர்ம்வேர் திருத்தம் வெளியிட்டார்கள். பிராண்டுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு இதற்குத்தான்; தவறு எல்லோருக்கும் வரும், திருத்தம் அனுப்ப விலாசம் உள்ள கம்பெனி வேண்டும். பெரிய பெயர் என்பதாலும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. 2021-இல் பேர்பெற்ற சில கம்பெனிகளே மாடல் பெயரை மாற்றாமல் உள்ளே சிப்பை மாற்றின. ஒரகடத்தில் ஒரு சப்ளையர் இதைச் செய்திருந்தால் லாரியை கேட்டிலேயே திருப்பியிருப்பார்கள். மைக்ரான் கம்பெனியோ, தன் குருஷியல் பிராண்டின் சில்லறை வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது; வாரண்டி தொடரும் என்கிறது.

வாங்கி வந்தபின் கரண்ட். சர்வர் எஸ்.எஸ்.டி.களில் மின்சாரம் போனால் கையிலுள்ளதை எழுதி முடிக்க கெப்பாசிட்டர் உண்டு; வீட்டு வகையில் பெரும்பாலும் கிடையாது. ஒரு சின்ன யு.பி.எஸ். அந்த வேலையைச் செய்யும். எடுத்துப் பீரோவில் வைக்கவும் இது உகந்ததல்ல. ஜெடெக் என்ற தர நிர்ணய அமைப்பின் விதிப்படி, வாழ்நாள் எழுத்தை முடித்த வீட்டு எஸ்.எஸ்.டி., கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தகவலைக் காத்தால் போதும். கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே 30 டிகிரி எங்கே கிடைக்கும் என்பதை ஜெடெக் சொல்லவில்லை.

இனி இன்ஸ்பெக்ஷன். விலை நம்ப முடியாத அளவு குறைவு என்றால் நம்ப வேண்டாம், 2 டி.பி. என்று விற்ற பெட்டிக்குள் சின்ன மெமரி கார்டு ஒட்டியிருந்த கதைகள் உண்டு. சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் சரிபார்க்கலாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டால் எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரியும். 'புதுசு' என்று வாங்கியது 9,000 மணி நேரம் காட்டினால் கடைக்காரரிடம் பேச விஷயம் இருக்கிறது. 500 ஜி.பி.க்கு விண்டோஸ் 465 காட்டுவது மோசடியல்ல, எண்ணும் முறை வேறு. பூட்டும்போது எம்.2-வின் அந்த ஒற்றை ஸ்க்ரூவை ஒரு தட்டில் வைக்கவும். எள்ளளவு இருக்கும், டைல்ஸில் விழுந்தால் கட்டிலுக்கு அடியில்தான் போகும்; டார்க் ரெஞ்ச் பிடித்துப் பழகிய கைக்கும் அகப்படாது.

கடைசியாக, ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள். வாரண்டி மூன்றோ ஐந்தோ வருஷம், பில் அச்சாகும் தெர்மல் தாள் அதற்குள் வெளுத்துவிடும். அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். அந்தப் போட்டோவை மட்டும் அதே எஸ்.எஸ்.டி.யில் வைக்காதீர்கள்.