பிடரியில் அறையும் காற்று

கேள்வி: கூரை திறந்த காரில் ஈ.சி.ஆரில் போனால் காற்று பிடரியில் அறைகிறது. கண்ணாடி போன்ற தடுப்பு ஒன்றை வீட்டிலேயே செய்யலாமா?
- ஒரு வாசகர், கொட்டிவாக்கம்

பதில்: தாராளமாக! முன்கண்ணாடியைத் தாண்டிப் போன காற்று, சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வரும் விருந்தாளி. சீட்டுக்கு மேலே அழுத்தம் குறைவதால் பின்பக்கமாகச் சுருண்டு உள்ளே நுழைகிறது. ஆகவே தடுப்பு சீட்டுக்குப் பின்னால்தான் வேண்டும். 1989-இல் மெர்சிடிஸ் எஸ்.எல். காரில் வந்த தடுப்பு வெறும் வலைதான்; காற்றின் வேகத்தைக் குறைத்தாலே போதும்.

தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் பாலிகார்பனேட் ஷீட் வாங்குங்கள், நான்கைந்து மில்லிமீட்டர் கனத்தில். அக்ரிலிக் பளபளக்கும், ஆனால் உடைந்தால் கூர்கூராகச் சிதறும்; தலைக்குப் பின்னால் அது வேண்டவே வேண்டாம். விளிம்பை உப்புத்தாளால் மழுக்கி, ரப்பர் பட்டை மாட்டுங்கள். சென்னை வெயிலில் ஷீட் விரியும்; துளையை போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாகப் போட்டு, ரப்பர் வாஷர் வைத்து முடுக்குங்கள். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்தான் தாங்கும். சீட் பெல்ட் போகும் வழியை மட்டும் மறைத்துவிடாதீர்கள். துடைக்கச் சோப்புத் தண்ணீர் போதும், தின்னர் பட்டால் ஷீட் வெடிப்பு விடும்.