குடும்பத்தைக் கலைத்தால் கூரை உண்டு

சென்னையின் கருணையைக் குறைத்துப் பேசாதீர்கள். வால்டாக்ஸ் சாலையிலும் பாரிமுனையைச் சுற்றிய தெருக்களிலும், பாட்டி பிறந்த பிளாட்பாரத்திலேயே பேத்தியும் பிறந்திருக்கிறாள். மூன்று தலைமுறைக்கு ஒரே விலாசம்! அடையாறு பங்களாக்காரர்களில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது இந்தப் பெருமை? பலர் கையில் வாக்காளர் அட்டைகூட உண்டு. ஓட்டுக் கேட்டு வருகிறவருக்கு அந்த பிளாட்பாரம் துல்லியமாகத் தெரிகிறது. ஜெயித்த பிறகுதான் பார்வை மங்குகிறது.

சட்டத்தின் மீதும் குறை இல்லை. நகரில் லட்சம் பேருக்கு ஒரு வீடற்றோர் காப்பகம், அதுவும் வருடம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு வந்த மத்திய அரசுத் திட்டம் ஆளுக்கு 50 சதுர அடி என்று அளந்தும் கொடுத்தது. ஒரு காரை நிறுத்த அதைப்போல் இரு மடங்குக்கு மேல் தேவை. கார் பாவம், கால் நீட்டிப் படுக்க வேண்டாமா?

சரி, மாநகராட்சிக் காப்பகத்துக்குப் போவோம். ஆண்களுக்கு ஓர் இடம், பெண்களுக்கு வேறு இடம், சிறுவர்களுக்கு இன்னொன்று. குடும்பமாகச் சேர்ந்து தங்கும் இடம் அபூர்வம். ஆக, புருஷன் ஒரு பேட்டையில், பெண்டாட்டி வேறொரு பேட்டையில், பையன் மூன்றாவது பேட்டையில். ஏழை ஜோடிகளுக்குக் கோயிலில் இலவசக் கல்யாணம் நடத்திவைக்கிற அரசு இது. அந்த ஜோடி பிளாட்பாரத்து ஜோடியாக இருந்துவிட்டால் அன்று ராத்திரியே பிரித்தும் வைக்கும், அதற்கும் கட்டணமில்லை.

பிள்ளையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று தாய் சொன்னால் போச்சு. அதிகாரி சொல்லிவிடுவார்: "கூப்பிட்டோம், வர மறுக்கிறாங்க. அவங்களுக்கு ரோடுதான் சார் புடிச்சிருக்கு!" ஆமாம், ரொம்பப் பிடித்திருக்கிறது. வயசுக்கு வந்த பெண் விடிவதற்குள் சேலை மறைப்பில் குளித்து முடிக்க வேண்டும். குடிகாரன் எவனாவது வருவான் என்று அம்மாக்காரி உட்கார்ந்தபடியே கண்ணயர வேண்டும். மழை வந்தால் தார்ப்பாயை இழுத்து மூட வேண்டும், கடை திறக்கும் நேரத்துக்கு அதையே சுருட்டி ஒளிக்க வேண்டும். இதையெல்லாம் ஆசைப்பட்டுச் செய்கிறார்கள் என்று நம்புகிற அதிகாரி ஒரே ஒரு ராத்திரி தன் பெண்டு பிள்ளைகளோடு அங்கே படுத்துப் பார்க்கட்டும்.

இதையெல்லாம் தாண்டி வீடே கொடுப்பதும் உண்டு. பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று சுமார் இருபது கிலோமீட்டருக்கு அப்பால். கண்ணகி நகரில் முதலில் கட்டிய வீடுகள் 200 சதுர அடியைக்கூடத் தொடவில்லை. சவுகார்பேட்டையில் மூட்டை தூக்குகிறவரும் பூக்கடையில் பூ வாங்கித் தொடுத்து விற்கிற அம்மாவும் விடியுமுன்னே அங்கிருந்து எப்படி வந்து சேருவார்கள் என்று கேட்டால், அது போக்குவரத்துத் துறை விஷயமாம். ஆனால் கண்ணகி நகர்ச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள் வரைந்தாயிற்று. படம் எடுக்க ஆட்கள் வந்து போகிறார்கள். பிழைப்பைத் தேடிப் பழைய பிளாட்பாரத்துக்கே ஒரு குடும்பம் திரும்பினால் மட்டும், வீடு கொடுத்தும் வாழத் தெரியாத ஜனங்கள் என்ற பட்டம் தயாராக இருக்கிறது.

எத்தனை பேர் இப்படி பிளாட்பாரத்தில் இருக்கிறார்கள்? நாடு தழுவிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்களுக்கென்று ஒரே ஓர் இரவு ஒதுக்கினார்கள், 2011 பிப்ரவரி 28. 2021-ல் வரவேண்டிய அடுத்த கணக்கெடுப்பு அந்த ஆண்டில் வரவே இல்லை. எண்ணாத தலைக்கு எதற்குத் தலையணை?

நகருக்குள் இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். தி.நகரின் நடுவிலேயே கார்களுக்கு அடுக்குமாடி கட்டிக் கொடுத்தது இதே மாநகராட்சிதான். பாரிமுனை வட்டாரத்திலேயே மனிதர்களுக்கும் ஒன்று கட்டட்டும்: குடும்பத்துக்கு ஓர் அறை, அறைக்கு ஓர் உள்தாழ்ப்பாள். அடுத்த மன்றக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரச் சொல்லி உங்கள் வார்டு கவுன்சிலரைக் கேளுங்கள்.