பின்னெடுப்பியல்

கார் முன்னால் போவதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. எத்தனை நொடியில் நூறைத் தொடும், லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும், வளைவில் எப்படிச் சாயும் என்று டீக்கடையில்கூட ஆளுக்கொரு பாடம் வைத்திருக்கிறார்கள். அதே கார் பின்னால் வருவதற்கு இலக்கணம் செய்ய மட்டும் யாரும் முன்வரவில்லை. இந்தக் குறை அம்பத்தூர்வாசியான என்னைப் பல காலமாக உறுத்திக்கொண்டிருந்தது. போன மாதம் என் வீட்டு வாசலில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டதிலிருந்து உறுத்தல் முற்றிவிட்டது. அந்த ‘டக்’கின் பயனே இந்நூல்.

பாயிரம் இல்லாமல் நூல் தொடங்கக் கூடாது. ஆக்கியோன்: டி.என். 13 என்று தொடங்கும் எண் பலகையை உடையவன். கார்ப் பைத்தியம் என்று வீட்டாரால் பட்டம் சூட்டப்பெற்றவன். எல்லை: வேங்கடம், குமரி அளவுக்கு நமக்குப் பேராசை இல்லை, கிழக்கே பாடி மேம்பாலம், மேற்கே ஆவடி, தெற்கே பூந்தமல்லி, வடக்கே புழல் ஏரி. கேட்போர்: ரிவர்ஸ் எடுக்கும்போது தெருவில் கூடுகிற அத்தனை பேரும். பயன்: முட்டிய பிறகு யாரைத் திட்டுவது என்று தெளிதல்.

கடைசியில் சொன்ன பயன்தான் இந்நூலின் கருத்தும். கண்ணாடி, ஆள், பாட்டு, சென்சார், கேமரா என்று நூறாண்டுக்கும் மேலாக ரிவர்ஸுக்குத் துணை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முட்டுவது நின்றதா என்றால், நிற்கவில்லை. முட்டியபின் கைநீட்டிக் காட்டப் புதிதாக ஒருவர் கிடைத்துக்கொண்டே இருக்கிறார், அவ்வளவுதான்.

முதலில் மரபில் ரிவர்ஸின் இடத்தை நிறுவிவிடுவோம். சூத்திரங்கள் அடுத்தடுத்து நிற்கும் நிலையை நன்னூல் நான்காகச் சொல்லும்: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. அதைச் செய்த பவணந்தி முனிவர் எம்.டி.எச். ரோட்டைப் பார்த்திருக்க வழியில்லை. ஆனாலும் பொருத்தத்தைப் பாருங்கள். இரவு பதினொரு மணிக்குச் சென்னை பைபாஸில் வண்டிகள் போவது ஆற்றொழுக்கு. அம்பத்தூர் எஸ்டேட் உள்தெருவில் டிரைவிங் ஸ்கூல் கார் கிளட்சை விட்டுவிட்டுக் குதிப்பது தவளைப் பாய்த்து. கை நீட்டிய பயணியைக் கண்டதும் ஷேர் ஆட்டோ நடுரோட்டிலிருந்து ஓரத்துக்கு இறங்குவது பருந்தின் வீழ்வு; இதற்கு உரை வேண்டியதில்லை. நடக்கிற சிங்கம் திரும்பித் தன் பின்னாலும் பார்க்கிறதே, அந்த அரிமா நோக்குதான் ரிவர்ஸ். நம்மில் சிங்கங்கள் குறைவு. கழுத்துச் சுளுக்குக்காரர்கள்தான் அதிகம்.

இனி ஒலி. ரிவர்ஸ் போட்டால் ‘ஙொய்ங்’ என்று ஒரு முனகல் வரும். கார் விருப்பமில்லாமல் வருகிறது என்று என் சிறுவயதில் நினைத்திருந்தேன். காரணம் பல்லில் இருக்கிறது. முன்னே போகும் கியர்களுக்குப் பல் சாய்வாக வெட்டியிருக்கும். ஒரு பல் விலகுமுன் அடுத்த பல் மெல்லப் பிடித்துக்கொள்ளும், சத்தம் அடங்கிவிடும். பெரும்பாலான மேனுவல் கார்களில் ரிவர்ஸ் கியருக்குப் பல் நேராக இருக்கும். ஒவ்வொன்றும் பட் பட்டென்று மோதும். இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே குட்டியாக மூன்றாவது ஒன்று நுழைந்து சுழற்சியைத் திருப்பிவிடுகிறது. அதன் பெயர் ஐட்லர். காரையே திருப்பி அனுப்புகிறவனுக்குச் சோம்பேறி என்று பெயர் வைத்தவன் எங்கேயோ மேனேஜராக இருந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் எங்கள் பகுதியில் விளக்கிச் சொன்னால் யாரும் வியப்பதில்லை. 1960களின் தொடக்கத்தில் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா என்று வரிசையாகக் கம்பெனிகள் வந்தன. 1964இல் அம்பத்தூர் எஸ்டேட் வந்தது. தெருவுக்கு நாலு பேராவது கார் பாகத்தைக் கையில் வைத்துப் பிசிறு தடவிப் பார்த்தவர்கள். வியப்பதற்குப் பதில் திருத்துவார்கள்.

வேகத்துக்கும் உள்ளூரிலேயே சான்று உண்டு. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை விஜயந்தா டாங்கிக்குப் பிறகு டி-72 டாங்கியை அஜேயா என்ற பெயரில் செய்தது. 41 டன் எடை. முன்னோக்கி மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடும். ரிவர்ஸில் வெறும் 4 கிலோமீட்டர்தான். போர்க்களத்தில் இது பெருங்குறை என்பர் ராணுவ நூலோர். எங்கள் தெருவில் அதுவே உச்சவேகம். வேறுபாடு ஒன்று உண்டு: டாங்கி முட்டினால் நஷ்டம் முட்டப்பட்டவருக்கு.

துணைகளுக்கு வருவோம். கண்ணாடியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1911 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் மற்றவர்கள் பின்னால் வருவதைப் பார்த்துச் சொல்லப் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கை ஏற்றியிருந்தார்கள். ரே ஹாரூன் மட்டும் தனியாளாக வந்தார். இது ஆபத்து என்று மற்றவர்கள் முறையிட, அவர் ஒரு கண்ணாடியை மாட்டிக் காட்டினார், ஜெயித்தும் விட்டார். செங்கல் பாவிய தடத்தில் கண்ணாடி ஆடிய ஆட்டத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்று பல ஆண்டு கழித்து ஒப்புக்கொண்டார். ஆக, அந்தக் கண்ணாடி மாட்டப்பட்டதே பார்ப்பதற்கு அல்ல, புகாருக்குப் பதில் சொல்வதற்கு. நம்மூரில் விலை குறைந்த மாடல்களுக்கு வெகுகாலம் இடப்பக்கக் கண்ணாடியே கிடையாது. கொடுத்த ஒன்றையும் பலர் தலை சீவத்தான் பயன்படுத்தினார்கள்.

அடுத்தது ஆள். நூலின் பெரும்பகுதி இவனுக்கே உரியது. ரிவர்ஸ் கியர் விழுந்ததும் இவன் எங்கிருந்தோ தோன்றுவான்: டீக்கடையிலிருந்து, இஸ்திரி வண்டியிலிருந்து, சில சமயம் ஓடுகிற ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு. அழைக்க வேண்டாம். கூலி கேட்கமாட்டான். பொறுப்பும் ஏற்கமாட்டான். இவன் பேசுவது தனிமொழி. ‘வரலாம் வரலாம்’ என்பது தொடக்கம். ‘ஒடிச்சு வா’, ‘ஃபுல்லா ஒடி’, ‘நேர் பண்ணு’ ஆகியவை இடைநிலை. ‘ஹோல்டான்’ முடிவு. இது பஸ்ஸிலிருந்து வந்த சொல். ஆங்கிலம் என்று யாராவது சொன்னால் எங்கள் தெருவில் நம்பமாட்டார்கள். ‘நான்தான் அப்பவே சொன்னேன்ல’ என்பது பின்னுரை.

இம்மொழியின் பெருஞ்சிக்கல் ‘லெஃப்ட்’. காரின் லெஃப்டா, காரைப் பார்த்து நிற்கிறவனின் லெஃப்டா, ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டிய லெஃப்டா, காரின் பின்பக்கம் போக வேண்டிய லெஃப்டா? சொன்னவனைக் கேட்டால் ‘லெஃப்ட்னா லெஃப்ட்தான் சார்’ என்பான். உரையாசிரியர் நால்வர் கூடினாலும் தீராத வழக்கு இது. சொல்லோடு நிறுத்தாமல் டிக்கியை வேறு தட்டுவார்கள். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. தட்டுக்கு அப்படி ஒரு மரபு உருவாகவில்லை. ‘வா’ என்றும் தட்டுவார்கள், ‘நில்’ என்றும் தட்டுவார்கள், சும்மா பழக்கத்திலும் தட்டுவார்கள்.

இங்கே நான் கண்டுபிடித்த விதி ஒன்றைப் பதிவு செய்கிறேன். இடைவெளி குறையக் குறைய மரியாதை குறையும். மூன்று மீட்டரில் ‘வாங்க சார், வாங்க’. ஒன்றரை மீட்டரில் ‘வா சார்’. அரை மீட்டரில் ‘வா, வா, வா’. ஒரு சாண் இருக்கையில் ‘யோவ்!’ இதைப் பண்புக் குறைவென்று கொள்வது பிழை; இது இயற்பியல். மணிக்கு 3 கிலோமீட்டரில் வருகிற கார் ஒரு நொடியில் 83 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ‘நிறுத்துங்க சார்’ என்று நிதானமாகச் சொல்லிப் பார்த்தேன். போன் கடிகாரத்தில் ஒரு நொடி ஆயிற்று. ‘யோவ்’ அதில் கால் பங்கு. எனவே ‘சார்’ போட்டால் பம்பர் போகும். என்னை ‘யோவ்’ என்று விளித்த முன்பின் தெரியாத ஒருவருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

(ஆட்டோக்காரர்களை இந்நூல் விலக்குகிறது. ஆட்டோவுக்கும் ரிவர்ஸ் கியர் உண்டு. ஆனால் இடது காலைத் தரையில் ஊன்றி ஒரு உந்து உந்துவதையே அவர்கள் விரும்புகிறார்கள். அது காலியல், தனி நூல்.)

பிறகு பாட்டு வந்தது. ரிவர்ஸ் விளக்குக்குப் போகும் 12 வோல்ட்டில் ஒரு குட்டி டப்பாவைக் கோத்துவிட்டால், கியர் விழுந்ததும் கார் பாடும். ‘ஜிங்கிள் பெல்ஸ்’ உண்டு, பிறந்தநாள் பாட்டு உண்டு. ஆனால் தெருவை ஆண்டது பீத்தோவனின் ‘ஃப்யூர் எலீஸ்’. 1810இல் அவர் அதை எழுதும்போதே காது மங்கிக்கொண்டிருந்தது. அச்சேறியது 1867இல், அவர் இறந்து நாற்பது ஆண்டு கழித்து. ஒரு மாருதி 800 மூன்று முறை முன்னும் பின்னும் போய் வந்து அதன் முதல் வரியை மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் அறுப்பதை அவர் கேட்க நேரவில்லை. தைவானில் குப்பை வண்டி இதே பாட்டோடு தெருவுக்கு வருகிறது. அங்கே மக்கள் பையோடு ஓடிவருவார்கள். இங்கே விலகி ஓடினோம். பாட்டின் தத்துவம் எளிது: நான் பாடிவிட்டேன், நகராதது உன் குற்றம்.

2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் பின்பக்க பார்க்கிங் சென்சாரைச் சட்டம் கட்டாயமாக்கியது. பம்பரில் காசளவு வட்டங்களாகத் தெரிவது அதுதான். நொடிக்குச் சுமார் 40 ஆயிரம் அதிர்வுள்ள ஒலியை அனுப்பி எதிரொலி வரும் நேரத்தை அளக்கும். ஒரு மீட்டரில் இருக்கும் சுவரைத் தொட்டுத் திரும்ப அதற்கு ஆயிரத்தில் ஆறு பங்கு நொடி போதும். மனிதக் காது 20 ஆயிரத்தோடு நின்றுவிடும். நாய்க்கு 40 ஆயிரமும் கேட்கும். என் காரின் நிழலில் படுக்கும் நாய் அப்போதும் எழுவதில்லை. கேட்கவில்லை என்று நினைத்தேன். கேட்டும் மதிக்கவில்லை என்பதே என் இன்றைய முடிவு.

சென்சாருக்கு இரண்டு குணங்கள். செடியின் கிளை, சேறு, பெருமழை என்று ஆபத்தில்லாததற்கெல்லாம் கத்தும். பம்பர் மட்டத்துக்குக் கீழே கிடப்பதை விட்டுவிடும். எங்கள் வாசலில் கேட் தூணும் செம்பருத்தியும் பக்கத்து வீட்டு ஸ்கூட்டரும் சேர்ந்து, கார் தெருவைத் தொடும்வரை பீப் பீப் என்று ஓயாது. நாளடைவில் அது எனக்குச் சுப்ரபாதம் மாதிரி ஆகிவிட்டது.

கேமராவைப் பற்றி ஒரு காட்சி போதும். 1956இலேயே ப்யூக் தன் சென்சூரியன் காட்சிக் காரில் பின்பக்கம் டிவி கேமரா வைத்துப் பார்த்தது. இன்று நாலு கேமரா சேர்ந்து வானத்திலிருந்து பார்ப்பது போலக் காரைக் காட்டுகின்றன. எங்கள் தெருவில் அப்படி ஒரு வண்டி வாங்கியவர், முதல் நாளே திரையைப் பார்த்தபடி கண்ணாடியை இறக்கி என்னிடம் சொன்னார்: ‘சார், கொஞ்சம் பின்னாடி நின்னு பாருங்களேன்.’ வழிகாட்ட அவருக்கு நான் தேவைப்படவில்லை. சாட்சியாகத் தேவைப்பட்டேன்.

இப்போது ‘டக்’. ஞாயிற்றுக்கிழமை காலை, பூந்தமல்லியில் முகூர்த்தம், நேரமாகிவிட்டது. போர்ட்டிகோவிலிருந்து ரிவர்ஸ் எடுக்கிறேன். சென்சார் வழக்கம்போலக் கத்துகிறது. கேட் ஓரம் பட்டுப்புடவையோடு நின்றிருந்த மனைவியின் குரல் தெளிவாகக் கேட்டது: ‘வரலாம், வரலாம், ஒண்ணும் பிரச்சனையில்ல, வா.’ வந்தேன்.

இறங்கிப் பார்த்தால் அவள் காதில் போன். தங்கையைத் தீபாவளிக்கு வரச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். பதினெட்டு வருஷத்தில் அவள் என்னை ‘வா’ என்று சொன்னதில்லை, ‘வாங்க’தான். மரியாதை தேய்ந்தால் ஆபத்து நெருங்குகிறது என்ற விதியைக் கண்டவனே நான். அந்தக் கணத்தில் அதை அன்பென்று எடுத்துக்கொண்டேன்.

எதிர்வீட்டுப் பெரியவர் வெளியே வந்தார். பாடியில் முப்பத்துநாலு வருஷம் லேத்தில் நின்றவர். குனிந்து பம்பரைப் பார்த்தார், பிறகு கல்லைப் பார்த்தார். முழங்காலுக்கும் தாழ்ந்த குத்துக்கல். ‘இது சென்சாருக்குக் கீழ இருக்குப்பா. அது என்ன பண்ணும்?’ என்றார். ‘கல்லு இங்க எப்படி வந்துச்சு?’ என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு லோடு வண்டி என் காம்பவுண்டுச் சுவரை உரசிவிட்டுப் போனதற்காக நானே உருட்டிவந்து நட்டது. அன்று கடப்பாரை இரவல் கொடுத்தவர் அவர்.

மறுநாள் காலை தண்ணீர் கேன் டெம்போ எங்கள் வாசலில் ரிவர்ஸ் எடுத்தது. பின்னால் நின்ற பையன் ‘வரலாம் வரலாம்’ என்றான். டக். டிரைவர் இறங்கி வந்து பையனை முறைத்தார், கல்லை முறைத்தார், கேட்டில் செய்தித்தாளோடு நின்றிருந்த என்னைப் பார்த்தார்.

‘எவன் சார் இந்தக் கல்ல இங்க வச்சது?’

‘தெரியலப்பா’ என்றேன்.