பாஸ்வேர்டு அண்ணன்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டர், பவர்டேபிள் டெய்லர், கைமடி, செக்கிங் என்று வேலைக்கொரு பெயர் உண்டு. சம்பள நோட்டில் ஏறாத பதவி ஒன்று இருக்கிறது: பாஸ்வேர்டு அண்ணன். கம்பெனி வைஃபையின் பாஸ்வேர்டைத் தெரிந்துவைத்துக்கொண்டு, கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் வழங்குபவர் இவர். அனுப்பர்பாளையம் முதல் நல்லூர் வரை இவர் இல்லாத கம்பெனி அரிது. பெரும்பாலும் பேக்கிங் செக்‌ஷனில் தென்படுவார். ரூட்டர் இருக்கும் ஆபீஸ் அறைக்கும் பேக்கிங்குக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான்.

பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க அவர் பெரிதாக மெனக்கெடுவதில்லை. இன்று பரவலாக உள்ள டபிள்யூபிஏ2 பாதுகாப்பு முறை எட்டு எழுத்துக்குக் குறையாமல் கேட்கும். முதலாளிக்கு மறக்காத நீளமான சங்கதி அவருடைய செல் நம்பர் ஒன்றே. அந்த நம்பரோ வாசல் போர்டிலும், டெலிவரி சலானிலும், சரக்கு ஏற்றும் டெம்போவின் முதுகிலும் ஊரறிய எழுதியிருக்கும். சந்தேகம் வந்து முதலாளி மாற்றினாலும் பயனில்லை.

“ஏனுங்ண்ணா, பாஸ்வேர்டு மாத்திட்டாங்களாட்ட இருக்குதுங்?”

“கடைசீல ஒரு ஒண்ணு சேத்திப் போடு தம்பி. அதுக்கு மேல அவுரு யோசிக்க மாட்டாரு.”

வைஃபை அலைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டிச் செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். அண்ணனுக்கு இந்த எண்கள் தெரியாது. அயர்ன் டேபிளுக்குப் பின்னால் எந்த மூலையில் நின்றால் படம் சுற்றாமல் ஓடும், எதிர் டீக்கடையின் எந்த பெஞ்சு வரை சிக்னல் எட்டும் என்பது மட்டும் தெரியும். அந்த பெஞ்சில் டீ குடிப்பவர்கள் பாதிப்பேர் அவருடைய சீடர்கள்.

ஊரார் கையில் இருக்கும் வைஃபை என்ன செய்யும் என்பதை 2008இல் நவி மும்பை பார்த்தது. ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளை முன்னறிவித்து வந்த மின்னஞ்சல், அங்கே குடியிருந்த ஓர் அமெரிக்கரின் இணைப்பிலிருந்து சென்றிருந்தது. பூட்டில்லாத வைஃபையை யாரோ பயன்படுத்திவிட்டுப் போக, போலீஸ் வந்து நின்றது அவர் வாசலில். மறு ஆண்டே வைஃபை இணைப்புகளைப் பாதுகாக்குமாறு இணையச் சேவை நிறுவனங்களுக்கு மத்திய அரசு உத்தரவிட்டது. அண்ணனிடம் இதைச் சொன்னால், “நம்ம பசங்க அப்படியெல்லாம் இல்லீங்” என்பார்.

அண்ணனின் உச்சநாள் வெள்ளிக்கிழமை. புதுப்படம் தியேட்டருக்கு வந்த அன்று மாலைக்குள் டெலிகிராமில் தேடி எடுத்துவிடுவார். கேரளப் போலீஸ் 2018 மார்ச்சில் திருட்டுப் படத் தளமான தமிழ்ராக்கர்ஸின் ஆட்கள் என்று சிலரைப் பிடித்தபோது அவர் இரண்டு நாள் துக்கம் காத்தார். 2024இல் ‘ஏஆர்எம்’ என்ற மலையாளப் படத்தைத் திருட்டுத்தனமாகப் பிடித்து வெளியிட்டவர்கள் கைதானார்கள். பிடித்த இடம் கோவைத் தியேட்டர் என்றதும், நம்ம பக்கம் என்று அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. 2023இல் திருத்தப்பட்ட சினிமாச் சட்டப்படி தியேட்டரில் படம்பிடித்தால் குறைந்தது மூன்று மாதம், அதிகம் மூன்று ஆண்டு சிறை; அபராதம் மூன்று லட்சத்தில் தொடங்கிப் படத் தயாரிப்புச் செலவில் ஐந்து சதவீதம் வரை போகும்.

பெயர் தெரியாத திருடர்கள்மேல் இந்திய நீதிமன்றங்கள் விதிக்கும் தடைக்கு ‘அசோக்குமார் உத்தரவு’ என்று பெயர். திருப்பூரில் எத்தனையோ அசோக்குமார்கள் ஒரு பாவமும் அறியாமல் ஓவர்லாக் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2012இல் ‘3’ படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் தந்த அத்தகைய உத்தரவை வைத்து இணைய நிறுவனங்கள் யோக்கியமான தளங்களையும் சேர்த்துப் பூட்டின. குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் மூடினால் போதும் என்று ஜூனில் நீதிமன்றமே விளக்க வேண்டியதாயிற்று.

அண்ணனுக்கு நியாய உணர்ச்சி இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. தன் கம்பெனியின் பிரிண்ட் டிசைனை யாரோ காப்பியடித்து காதர்பேட்டையில் பாதி விலைக்குத் தொங்கவிட்டால், அடுத்தவன் உழைப்பைத் திருடித் தின்பவன் உருப்படுவானா என்று முதலாளியைவிடக் கூடுதலாகக் கொதிப்பார். காதில் மாட்டியிருக்கும் இயர்போனில் அப்போதும் நேற்று வந்த படம் ஓடிக்கொண்டிருக்கும்.

படத்தோடு நின்றால் பரவாயில்லை. டிசைனருக்கு வேண்டுமென்று கிராக் செய்த சாஃப்ட்வேரையும் அவரே கொண்டுவந்து ஏற்றுவார். அதனுடன் வரும் குறிப்பின் முதல் வரி, ஆன்டிவைரஸை நிறுத்து என்பது. வீட்டு நாயைக் கட்டிப்போடு என்று திருடனே சொல்லி அனுப்புவது போன்ற இந்த வரியை அண்ணன் பயபக்தியுடன் நிறைவேற்றுவார். பையருக்கு இன்வாய்ஸ் அனுப்பும் மெர்ச்சண்டைசரின் கம்ப்யூட்டரும் அதே நெட்வொர்க்கில்தான். அந்த சாஃப்ட்வேர் வழியே உள்ளே புகுந்தவன் அவசரப்படுவதில்லை. கடிதப் போக்குவரத்தைப் பொறுமையாகப் படித்து, சரக்கு கப்பலேறியதும், எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று பையருக்கு ஒரு கடிதம் போடுவான். முகவரியில் ஓரெழுத்துதான் வித்தியாசம் இருக்கும். பணம் ஏதோ நாட்டுக்குப் போன பிறகு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைத் தேடி எடுத்துக் கொடுப்பவரும் அண்ணனே.

அவரை வேலையைவிட்டு அனுப்பிப் பலனில்லை. அடுத்த ஷிப்டில் இன்னொருவர் முளைப்பார். ஆபீஸ் இணைப்பைத் தனியாகப் பிரித்து நீளமான பாஸ்வேர்டு போட்டுவிட்டு, ரூட்டரிலேயே இருக்கும் விருந்தினர் நெட்வொர்க்கைத் தொழிலாளர்களுக்குத் திறந்துவிடுங்கள். அதன் பாஸ்வேர்டை அண்ணனிடமே கொடுத்துவிடலாம். நோட்டீஸ் அடிக்கும் செலவு மிச்சம்.