முகூர்த்தம் இல்லாத நாளில் ஒரு சாம்பியன்

அறுபதுகளின் பெங்களூர் சாதாரண ஊர் இல்லை. ஹெச்.ஏ.எல்.லில் விமானம் செய்தார்கள். ஹெச்.எம்.டி.யில் கைக்கடிகாரம் செய்தார்கள். ஐ.டி.ஐ.யில் டெலிபோன் செய்தார்கள். பொடியன்கள் ஷட்டில் ஆட ஒழுங்கான இடம் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மல்லேஸ்வரத்தில் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கனரா யூனியன் கல்யாண மண்டபத்தில், கல்யாணம் இல்லாத நாளில், நெட்டைக் கட்டி ஆடுவது.

அங்கே ஆடிய பையன்களில் ஒருவர் பிரகாஷ் படுகோன். அப்பா ரமேஷ் படுகோன், மைசூர் பாட்மின்டன் சங்கத்தின் செயலாளர். செயலாளர் பிள்ளைக்கே மண்டபம்தான் என்றால் மற்றவர்கள் கதியை நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடம் விட்டதும் மண்டபத்தில் விசேஷம் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது, இல்லையென்றால் ஓடிப்போய் ஆடுவது, இதுதான் பயிற்சித் திட்டம் என்று பின்னாளில் பிரகாஷே சொல்லியிருக்கிறார். விளையாட்டு விஞ்ஞானம், டயட் சார்ட், மனப்பயிற்சி நிபுணர் எதுவும் கிடையாது. பஞ்சாங்கம் மட்டும் உண்டு.

வாசலில் வாழைமரம் கட்டியிருந்தால் பையன்கள் முகம் எப்படித் தொங்கியிருக்கும் என்று நான் அடிக்கடி கற்பனை செய்து பார்ப்பதுண்டு. ஊரே நல்ல நாள் என்று கொண்டாடும் நாளெல்லாம் இவர்களுக்குக் கெட்ட நாள். சுபகாரியம் கூடாது என்று பெரியவர்கள் ஒதுக்கிவைத்த ஆஷாட மாதம்தான் இவர்களுக்கு சீசன். ஒரு மாப்பிள்ளை வீட்டார் வரதட்சணையில் முறுக்கிக்கொண்டு போனால், உள்ளுக்குள் சந்தோஷப்பட்ட ஒரே கூட்டம் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

1962-ல், ஏழு வயதில், மாநில ஜூனியர் போட்டியில் இறங்கினார். முதல் சுற்றிலேயே அவுட். இரண்டு வருஷத்தில் அதே பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்தார். 1972-ல் தேசிய ஜூனியர் பட்டம், அதே வருஷம் சீனியர் பட்டமும். சின்னவர்கள் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, கை கழுவாமல் பெரியவர்கள் பந்தியிலும் உட்கார்ந்த மாதிரி. உட்கார்ந்தவர் 1980 வரை எழுந்திருக்கவே இல்லை. தொடர்ந்து ஒன்பது தேசியப் பட்டம். அந்த ஒன்பது வருஷமும் ஃபைனலில் எதிரே நின்றவர்களுக்கு யாராவது கோயில் கட்டியிருக்க வேண்டும்.

இந்த விளையாட்டின் பூர்வோத்தரமே கொஞ்சம் வேடிக்கையானது. பூனாவில் பொழுது போகாத வெள்ளைக்காரப் பட்டாளத்து அதிகாரிகள் ஆடிப் பழகி, விதிகளை எழுதி, கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு பிரபுவின் மாளிகைப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். 1899-ல் லண்டனில், பட்டாளத்துக்காரர்கள் கவாத்து பழகும் கூடத்தில், ஆல் இங்கிலாந்து போட்டியைத் தொடங்கினார்கள். பெயரில்தான் இங்கிலாந்து. ஆண்கள் ஒற்றையரில் 1938-ல் ரால்ஃப் நிக்கோல்ஸ் ஜெயித்ததோடு சரி, அப்புறம் ஒரு இங்கிலாந்துக்காரர் கையிலும் கோப்பை சேரவில்லை. டேனிஷ்காரர், அமெரிக்கர், மலாயாக்காரர், இந்தோனேசியர் என்று வெளியூர்க்காரர்கள் வரிசையாக வந்து வாங்கிப்போக, வீட்டுக்காரர் வாசலில் நின்று பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

நம்மவர்களும் 1947-ல் ஒரு கை பார்த்தார்கள். பிரகாஷ் நாத், தேவிந்தர் மோகன் என்று இரண்டு பேர் போனார்கள். அட்டவணை போட்ட புண்ணியவான் காலிறுதியிலேயே இருவரையும் மோதவிட்டுவிட்டார். கப்பல் செலவு செய்து லண்டன் வந்து ஒருத்தரை ஒருத்தர் அடித்துக் களைப்பானேன் என்று காசைச் சுண்டிப் போட்டார்கள். பிரகாஷ் நாத் ஜெயித்து, அப்படியே ஃபைனல் வரைக்கும் போய்விட்டார். இதுவரை சிரிக்கலாம். அவருக்கு வீடு லாகூரில். ஃபைனல் அன்று பேப்பரைப் பிரித்தால் லாகூர் எரிகிறது என்று செய்தி. அந்த மனசோடு ஸ்வீடனின் கோனி ஜெப்சனோடு ஆடித் தோற்றார். இதைத் தோல்விக் கணக்கில் எழுதுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

அடுத்த பிரகாஷ் அதே ஃபைனலுக்கு வர முப்பத்து மூன்று வருஷம் ஆனது. யூனியன் பேங்கில் வேலை, 1978-ல் எட்மன்டன் காமன்வெல்த் போட்டியில் தங்கம், 1980-ன் தொடக்கத்தில் டேனிஷ் ஓப்பன், ஸ்வீடிஷ் ஓப்பன். வழியில் இருக்கிற கடைகளில் எல்லாம் சாமான் வாங்கிக்கொண்டு வருகிறவர் போல, ஆல் இங்கிலாந்து நடந்த வெம்ப்ளிக்கு வந்து சேர்ந்தார். வெம்ப்ளி அரீனாவும் லேசுப்பட்ட இடம் இல்லை. 1934-ல் எம்பயர் போட்டிகளுக்காக நீச்சல் குளமாகக் கட்டி, பின்னால் குளத்தை மூடித் தரையாக்கிய கட்டிடம். கவாத்துக் கூடத்தில் பிறந்த போட்டி, கல்யாண மண்டபத்தில் கற்ற ஆட்டக்காரர், நீச்சல் குளத்தின் மேல் ஃபைனல். பாட்மின்டனுக்கென்றே ஒருத்தரும் செங்கல் எடுத்து வைக்கவில்லை போலிருக்கிறது.

எதிரே லீம் ஸ்வீ கிங். இந்தோனேசியாக்காரர். 1978, 1979 இரண்டு வருஷமும் பட்டம் அவருடையது. எகிறிக் குதித்து அடிக்கும் ஸ்மாஷுக்கே அவர் பெயரை வைத்து ‘கிங் ஸ்மாஷ்’ என்றார்கள். ஷட்டிலின் எடை சுமார் ஐந்து கிராம்தான். அவர் அடித்தால் அது தோட்டா மாதிரி வந்தது. அவரோடு வேகத்துக்கு வேகம் ஆடினவர்கள் எல்லாம் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள்.

1980 மார்ச் 23. பிரகாஷ் வேகத்தின் பக்கமே போகவில்லை. ஷட்டிலை நிதானமாக, உயரமாக, பின்கோட்டுக்குத் தூக்கி அனுப்பினார். கிங் பின்னால் ஓடினார். அடுத்தது நெட்டை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் விழும் டிராப். கிங் முன்னால் ஓடி வந்தார். மணிக்கட்டைக் கடைசி நொடி வரை பிடித்துவைத்து, எங்கே போகிறது என்று ராக்கெட்டுக்கே தெரியாமல் தட்டினார். குதிக்க நேரம் கிடைத்தால்தானே கிங் ஸ்மாஷ்? அவசரப்படாமல் காத்திருக்கும் கலையை அந்த மண்டபத்து வாசல் சொல்லிக்கொடுத்திருக்கும் என்பது என் கட்சி. நிரூபிக்க முடியாது, விட்டுக்கொடுக்கவும் மாட்டேன்.

முதல் செட் 15-3. அந்தக் காலத்தில் சர்வீஸ் போடுகிறவருக்குத்தான் பாயின்ட். எதிராளி எத்தனை அழகாக ஆடி ஜெயித்தாலும் சர்வீஸ் கைமாறும், அவ்வளவுதான். ஸ்கோர் பலகை அசையாது. உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் மூன்றே பாயின்ட்டோடு இடம் மாறி நின்றார். இரண்டாவது செட்டில் கிங் விழித்துக்கொண்டார், ஆனாலும் 15-10. ஆல் இங்கிலாந்து கோப்பை முதல் தடவையாக ஓர் இந்தியர் கையில். 1947-ல் பிரிட்டிஷார் நாட்டைத்தான் கொடுத்துவிட்டுப் போனார்கள், கோப்பையை நாமே போய் எடுத்து வர வேண்டியிருந்தது.

ஜெயித்த கையோடு பிரகாஷ் டென்மார்க் போய் அங்கேயே பயிற்சியும் போட்டியுமாக இருந்துவிட்டார். பின்னால் மூத்த மகள் பிறந்ததும் கோபன்ஹேகனில்தான். அந்தப் பெண் ஷட்டில் ஆடி, அலுத்து, சினிமாவுக்குப் போனது ஊரறிந்த கதை. இன்றைக்குப் பாதிப் பேர் “தீபிகாவின் அப்பாவா, அவரும் விளையாடுவாராமே” என்று கேட்கிறார்கள். கிங் இதைக் கேட்டால் என்ன சொல்வாரோ.

உள்ளூர் நிபுணர்கள் சும்மா இருப்பார்களா? “சீனாக்காரன் வரவில்லை, அதனால்தான் ஜெயித்தார்” என்று ஆரம்பித்தார்கள். அதில் ஒரு துளி உண்மை இருந்தது. சீனா அப்போது ஒரு சண்டையால் சர்வதேச பாட்மின்டன் சம்மேளனத்துக்கு வெளியே இருந்தது. போதாக்குறைக்கு 1981 ஆல் இங்கிலாந்து ஃபைனலில் பிரகாஷ் முதல் செட்டை எடுத்த பிறகு கிங் மீண்டு வந்து கோப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நிபுணர்களுக்குக் கொண்டாட்டம்.

அதே வருஷம் சம்மேளனச் சண்டை தீர்ந்து சீனாவும் உள்ளே வந்தது. கோலாலம்பூரில் உலகக் கோப்பை. ஃபைனலில் பிரகாஷுக்கு எதிரே சீனாவின் ஹான் ஜியான். முதல் செட் 15-0. ஒரு பாயின்ட் கூட, பேச்சுக்குக் கூட, கொடுக்கவில்லை. இரண்டாவது செட் இழுத்துக்கொண்டே போய் 18-16-ல் முடிந்தது. கோப்பை பிரகாஷுக்கு. நம்ம நிபுணர் விடுவாரா? தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “ரெண்டாவது செட்ல கொஞ்சம் திணறினார், கவனிச்சீங்களா?” என்றிருப்பார்.