நானே பார்த்துக்கொண்ட ரிசல்ட்

எனக்குச் சரவாங்கி. மாத்திரைக்கு மசியவில்லை என்று டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசி எழுதினார் மூட்டு டாக்டர். அதற்கு முன், டிபி கிருமி ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே, முன்கையில் மாண்டூ ஊசி. "48 மணி நேரத்துக்கு மேல், 72க்குள் வந்து காட்டிட்டுப் போங்கம்மா" என்றார் நர்ஸ்.

காட்டவா போனேன்? அன்றைக்கு ஒரு வளைகாப்பு. ஜன்னல் வெளிச்சத்தில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், சிவப்பு இல்லை. "நெகட்டிவ்" என்று போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். பார்க்க வேண்டியது சிவப்பே இல்லையாம், தடிப்பாம். விரலால் தடவி, பேனாவால் ஓரம் குறித்து, ஸ்கேலால் மில்லிமீட்டர் கணக்கில் அளப்பார்கள். நான் விழுங்கிக்கொண்டிருந்த ஸ்டீராய்டில் அந்தத் தடிப்பே அமுங்கிப்போகலாம் என்பது வேறு.

"வீட்ல யாருக்காவது டிபி இருந்துதா?" என்ற கேள்விக்கும் "சேச்சே" என்றேன். இருமிக்கொண்டே என்னை இடுப்பில் வைத்து வளர்த்த தாத்தா, தாம்பரம் சானடோரியத்தில் படுத்து எழுந்தவர். வரன் பார்க்கும் காலத்தில் அம்மா வாயைக் கட்டியது, பேத்தி எடுத்த பிறகும் அவிழவில்லை.

கிருமி புகுந்தவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாகிறது. மற்றவர்கள் உடம்பில் எதிர்ப்புச் செல்கள் அதை வளைத்துப் பிடித்துவைத்திருக்கும். அந்தப் பிடி தளராமலிருக்க டி.என்.எஃப். வேண்டும், நானோ காசு கொடுத்து அதைத் தடுத்துக்கொண்டவள். இந்த வகை ஊசிகளில் ஒன்றான இன்ஃப்ளிக்ஸிமாப் போட்டு டிபி வந்த 70 பேரை 2001இல் ஆராய்ந்தபோது, 40 பேருக்கு நுரையீரலுக்கு வெளியே பரவியிருந்தது.

எனக்குக் கழுத்தில். இருமல் இல்லை, சளி இல்லை. பேன் தொல்லையால் நெறி கட்டியிருக்கிறது என்று பேத்தி தலைமேல் பழியைப் போட்டு மஞ்சள் பற்றுப் போட்டேன். ஊசியால் உறிஞ்சிச் சோதித்தபோது டிபி. எச்.ஐ.வி. டெஸ்டும் எழுதினார்கள். "என்னைப் பார்த்தா?" என்று சீறினேன். டிபி என்றாலே எல்லோருக்கும் அந்த டெஸ்ட் உண்டு. நுரையீரலைத் தாண்டி டிபி பரவ எச்.ஐ.வி. பெரிய காரணம். டயாலிசிஸில் இருப்பவர்கள், சிறுபிள்ளைகள், பெண்கள் என்று அந்த ஆபத்து கூடுதலாக உள்ளவர்களின் வரிசை நீள்கிறது.

பிறகு தனித்தட்டு, தனி டம்ளர் என்று தியாகி வேஷம். நுரையீரல் சுத்தமாக இருந்தால் கழுத்துக் கட்டி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சிரித்தார். ரிஃபாம்பிசின் மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறமானதற்கு நான் போட்ட கூச்சலைத் தெருவே கேட்டது.

உங்களுக்கு ஸ்டீராய்டோ இந்த ஊசியோ எழுதினால், வீட்டில் யாருக்கு டிபி இருந்தது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மாண்டூ போட்ட கையை நர்ஸிடமே காட்டுங்கள்.