டாங்கி வேட்டைக்காரர்

அமெரிக்காவின் வெர்மான்ட், மெய்ன் பக்கம் விறகு பாய்லர் வைத்து வீட்டைச் சூடாக்குபவர்களில் ஒரு தனி ஜாதி உண்டு. இலையுதிர்காலத்தில் ஊரெல்லாம் மேப்பிள் மரங்களின் சிவப்பைப் பார்க்கும். இவர் அந்த மரத்தடியில் படுத்துக் கிடக்கும் பழைய புரொப்பேன் டாங்கியைப் பார்ப்பார். 500 காலன், நம் கணக்கில் சுமார் 1,900 லிட்டர். காலியாகவே 400 கிலோவுக்கு மேல். அதன் பெயர்த்தகட்டில் எழுத்து அழிந்திருந்தால் இவர் முகம் மலரும். தகடு படிக்க முடியாத டாங்கியில் வாயு நிரப்ப விதி இடம் தராது. எனவே காயலான் கடை விலைக்கு வந்துவிடும். இதனால் ஊர் இவரைக் கஞ்சர் என்கிறது. அது தப்பான தீர்ப்பு. கஞ்சருக்குச் செலவென்றால் நடுக்கம் வரவேண்டும். இவரோ டாங்கியில் மிச்சம் பிடித்ததையெல்லாம் டிரெய்லர் வாடகைக்கும், கிரேனுக்கும், வெல்டர் கூலிக்கும், வாசலில் நுழையாத டாங்கிக்காகச் சுவரை இடித்துக் கட்டுவதற்கும் தாராளமாகக் கொடுப்பார்.

கணக்கும் இவர் பக்கம்தான். விறகு முழு வீச்சில் எரிந்தால்தான் சுத்தமாக எரியும். காற்றைக் குறைத்துப் புகையவிட்டால் புகைபோக்கியில் தார் மாதிரிப் பிசின் படியும். ஆனால் வீட்டுக்கு வேண்டியதோ இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு. எனவே விறகை ஒரே மூச்சில் எரித்து, அந்தச் சூட்டை டாங்கியில் நிரப்பிய நீரில் சேமித்து வைக்கிறார். ஒரு டாங்கி நீர் 80 டிகிரியிலிருந்து 40க்கு இறங்குகையில் ஏறத்தாழ 85 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் தரும். “வாயு டாங்கியாயிற்றே, வெடிக்காதா?” என்பார் மைத்துனர். சதுர அங்குலத்துக்கு 250 பவுண்டு அழுத்தத்துக்காகச் செய்த கலம் அது. வீட்டுப் பாய்லரிலோ வழக்கமாக 30 பவுண்டிலேயே பாதுகாப்பு வால்வு திறந்துகொள்ளும். ஆபத்தெல்லாம் மிச்ச வாயுவைத் தண்ணீர் நிரப்பி வெளியேற்றாமல் வெல்டிங் வைப்பதில்தான். துருவா? காற்றுப் புகாத சுற்றில் நீரில் கரைந்த ஆக்சிஜன் தீர்ந்ததும் துருவும் ஏறக்குறைய அடங்கிவிடும். வாயுக்கசிவு தெரிவதற்காகச் சேர்த்த மெர்காப்டன் நாற்றம் பற்றி மனைவி கேட்கும்போது மட்டும் இவரிடம் இயற்பியல் இல்லை.

நியாயமான ஆட்சேபம் வேறொன்று. சூடாகும் நீர் ஏறத்தாழ மூன்று சதவீதம் விரியும். டாங்கிக்கு 55 லிட்டர் போக்கிடம் வேண்டும். அதற்கான விரிவுக்கலம் புதிதாக வாங்கினால் விலை கடிக்கும். இவர் அசருவாரா? அதற்கும் ஒரு சின்னப் புரொப்பேன் டாங்கி தேடக் கிளம்பிவிடுவார். போகட்டும். விலை பேசுமுன் டாங்கி யாருடையது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், ஐயா. அங்கே கொல்லையில் கிடப்பவற்றில் பல, வாயு நிறுவனங்கள் வாடகைக்கு விட்டவை.